கப்பலில் போன எலுமிச்சம்பழம்

2-6-1952, திங்கள்

சாயங்காலம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வயதாகி வேலையிலிருந்து நின்றவர்களுக்குத் வெள்ளைக்காரத் துரை, மலாயாவை விட்டு நம் ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் எடுத்துத் தருகிறாராம். வேண்டுமென்றால் அடுத்த திங்களுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஆபீசுக்கு வந்து பெயர் கொடுக்கணும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அத்தனை பல்லும் தெரிந்தது. இருப்பதே நாலு.

"சாகிறதுன்னா ஊர்ல போய்ச் சாகணும் புள்ள" என்றார்.

மகள் நீலாவதி அடுத்த லயத்தில். அவள் பிள்ளைகள் தூங்குவது என் மடியில். ஊரில் யார் இருக்கிறார்கள்? அவர் அண்ணன் பெண்டாட்டி இருக்கிறாள். என் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவள். அவள் பக்கத்தில் போய்ச் சாகவா?

கப்பலில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வரும்போது பட்டது போதும். கல்யாணமான புதுசு. குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. மோந்து பார்த்தால் குமட்டல் நிற்கும் என்று என் அம்மா ஒரே ஒரு எலுமிச்சம்பழம் முடிந்து கொடுத்திருந்தாள். அதை இவரிடம் கொடுத்து வைத்தேன். கேட்டபோது இல்லை. "பாவம், மங்கம்மாவுக்கு ரொம்ப முடியல, குடுத்துட்டேன்" என்றார்.

அந்த மங்கம்மா இதே லயத்தில் கடைசி வீடு. முப்பத்தாறு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாதாம். நடிப்பு.

3-6-1952, செவ்வாய்

அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

5-6-1952, வியாழன்

புது வழி கண்டுபிடித்திருக்கிறார். துரையும் அவர் பெண்டாட்டி மிஸ்ஸியும் குடை பிடித்துக்கொண்டு குளத்தில் சுற்றுவார்களே, அந்தப் படகு. இத்தனை வருஷம் இவர்தான் துடுப்புப் போட்டார். அதில் என்னைக் கூட்டிப் போகிறாராம். குளம், வாய்க்கால், ஆறு, கடல் முகம் வரைக்கும். ரெண்டு நாள், நிதானமாக.

"நீ வாந்தி எடுத்தா இங்கேயே இருந்துடுவோம். எடுக்கலன்னா கப்பல். சரிதானா?"

"காட்டுக்குள்ள துப்பாக்கியோட ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரன் சுட்டுட்டா?"

"உன்னைச் சுடணும்னு அவனுக்கு என்ன வேண்டுதலா?"

துரை விடுவாரா என்று கேட்டேன். துரையே போகச் சொன்னாராம். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டேன். எனக்கு வாந்தி வரவைக்கத் தெரியாதா? ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் போதும்.

7-6-1952, சனி

தோட்டத்து கேட்டிலேயே ஆரம்பித்தது. முள்கம்பிக்கு வெளியே ஒரு பருக்கை சோறு கொண்டு போகக்கூடாது, காட்டில் இருக்கிறவனுக்குப் போய்விடுமாம். ஆக, கட்டுச்சோறு இல்லாத உல்லாசப் பயணம். போலீஸ்காரன் என் வெற்றிலைப் பையை உதறினான். விளக்கெண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "மாக்கான்?" என்றான், சாப்பாடா என்று மலாயில்.

"சாப்பிடுறது இல்லடா, பேதிக்கு" என்றேன். மாக்கானேதான் என்று முடிவு செய்து பிடுங்கி வைத்துக்கொண்டான். அவனே குடிக்கட்டும். என் யோசனை அங்கேயே போயிற்று. இவர் தலைப்பாகையை யாரும் தொடவில்லை. ஆம்பளை தலை ஆயிற்றே.

மிஸ்ஸி உட்காரும் பலகையில் உட்கார்ந்தேன். மிஸ்ஸி குடையையும் விரித்தேன். ஈயம் தோண்டிய பழைய குட்டைதான் குளம். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி. அப்புறம் வாய்க்கால். ரெண்டு பக்கமும் ரப்பர் மரம், மேலே வானம் ஒரு கோடு. இத்தனை வருஷம் அந்த மரத்தைக் கீறினேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. குமட்டுகிறதா என்று அவர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். குமட்டவில்லை. பசித்தது. வெளியே சொல்லக்கூடாது - நன்றாகத்தான் இருந்தது.

மதகில் நிறுத்திவிட்டார்கள். கடல் வற்றினால்தான் கதவு தூக்குவானாம். மதகுக்காரர் மலாய்க்காரர். அவர் சம்சாரம் சோறும் கருவாடும் போட்டாள், மகராசி. அங்கேதான் குட்டு உடைந்தது. மதகுக்காரர் கேட்டார், போலீசில் ஒப்படைக்கிற படகு இதுதானா என்று. காட்டுக்காரன் கையில் கிடைக்காமல் இருக்க, எல்லாப் படகையும் கொண்டுவந்து கொடுக்கணும் என்று கவர்மெண்ட் உத்தரவாம்.

"துரை போகச் சொன்னார்னு சொன்னீங்களே?"

"ஆமா, சொன்னாருலா. பொய்யா சொன்னேன்?"

துரை சொன்ன வேலைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து, அதற்கு உல்லாசம் என்று பேர் வைத்திருக்கிறார். இன்றைக்கு மதகுக்காரர் வீட்டில் படுக்கை. ஊரடங்கு.

8-6-1952, ஞாயிறு

விடிந்ததும் கதவு தூக்கினார்கள். ஆறு அகலமாகிக்கொண்டே போயிற்று. கடல் முகத்துக்கு வந்ததும் அலை படகைத் தூக்கிப் போட்டது. எனக்கோ வயிறு அசையாமல் கல் மாதிரி கிடந்தது. தோற்றேன், இனி அப்பளம் வைக்காதவள் வீட்டுக்குத்தான் போகணும், பிள்ளைகள் முகத்தை இனி எப்போ பார்ப்பது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போது துடுப்பு நின்றது. பார்த்தால், இவர் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி! மதகுக்காரி போட்ட கருவாடு மொத்தமும் கடலுக்கு. தலைப்பாகையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஓர் எலுமிச்சம்பழம். மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"யாருக்கு அது?"

"உனக்குத்தான் புள்ள... கொண்டாந்தேன்." மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

"கப்பல்ல மங்கம்மாவுக்குக் குடுத்தீங்களே, அந்தப் பழம்?"

மறுபடி குனிந்து வாந்தி எடுத்தார். அதுவே பதில்.

அடப்பாவி மனுஷா. முப்பத்தாறு வருஷம்!

துடுப்பை வாங்கி நானே தள்ளி போலீஸ் துறைக்குக் கொண்டு சேர்த்தேன். படகைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். எங்களை லோரியில் ஏற்றி அனுப்பினார்கள். லோரியிலும் எடுத்தார்.

9-6-1952, திங்கள்

ஆபீசுக்குப் போனோம். நான் வாயைத் திறக்கும் முன்னே இவர் முந்திக்கொண்டார்.

"பேரு வேணாங்க கிராணி. எனக்கு ஆசைதான். இவளுக்குத் தண்ணி ஒத்துக்கல. ஆத்துலயே குடலைப் பிடுங்கிட்டா."

கிராணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் பத்தினி மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளைகளுக்குச் சீனி போட்டுத் தோசை சுட்டேன்.

12-6-1952, வியாழன்

குழாயடியில் மங்கம்மா நின்றாள். ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தொண்டை வரை வந்தது. என்னவென்று தொடங்குவது? குடம் நிரம்பிவிட்டது, வந்துவிட்டேன்.

4-7-1952, வெள்ளி

இன்றைக்குத்தான் கப்பல். இந்த லயத்திலிருந்து யாரும் போகவில்லை.

விடியற்காலை எழுந்து, நீலாவதி வீட்டு மரத்தில் நல்லதாக ஓர் எலுமிச்சம்பழம் பறித்தேன். வாங்காத பழத்துக்கு இத்தனை வருஷம் என்னிடம் மனசுக்குள் வசவு வாங்கினாளே, இப்போதாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று மங்கம்மா வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். கையில் கொடுக்க மனசு வரவில்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படிக்கும் முன்னே அவள் அலறல் கேட்டது. "ஐயோ, எவளோ செய்வினை வச்சுட்டாளே!"

லயமே கூடிவிட்டது. வெள்ளிக்கிழமை, வாசற்படி, எலுமிச்சம்பழம் - எனக்கு எப்படி உறைக்காமல் போயிற்று? பூசாரி வந்து, வேப்பிலையும் கற்பூரமும் வைத்து, பழத்தைக் குச்சியால் தள்ளி வாய்க்காலில் விட்டார். மங்கம்மா மண்ணை வாரித் தூற்றினாள். "வச்சவ கை அழுகிப் போக! அவ குடும்பம் விளங்காமப் போக!"

"யாரு புள்ள வச்சிருப்பா?" என்றார் இவர், காப்பி குடித்துக்கொண்டே.

"யாருக்குத் தெரியும்? கப்பல்ல வந்த பழமா இருக்கும்" என்றேன்.

அவர் காப்பித் தம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

என் குடும்பம் விளங்காமல் போகணுமாம். எத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள்! ஒரு வகையில் நல்லதாயிற்று. இனி அவளோடு பேசாமல் இருக்க நியாயமான காரணம் ஒன்று கிடைத்துவிட்டது.