பொரி தின்ற கெண்டை

8 ஜூலை, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். ஒண்டிக்கடை முக்கு வரை பனிமூட்டம். துவைத்த சட்டை இன்னும் காயவில்லை. ரத்த அழுத்த மாத்திரை போட்டாயிற்று. எடுத்துப் போனவை: குடை, தராசு, அளவுப் பலகை, பென்சில்.

வாழவந்தி வழியில் இருக்கும் ஊராட்சி ஏரியில் சோதனை வலை. மீன்பிடிக் குத்தகை தனசேகரன் கையில். அவர் கேட்பது இரண்டு. முட்டையிடும் மாதங்களில் வலை போடக் கூடாது என்ற தடையை எடுத்துவிட வேண்டும். வலைக்கண்ணையும் சிறிதாக்க வேண்டும். ஏரி தாங்குமா என்று பார்த்துச் சொல்ல மூவர்: ஊராட்சித் தலைவர், செயலர், நான். கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். மூன்று கையெழுத்தும் இல்லாமல் கோப்பு நகராது.

வலைக்காரர் மாதையன், மேட்டூர்க்காரர். பரிசலைக் காட்டி, "ஏறுங்க சார்" என்றார். பார்த்தேன். முறத்தைத் தண்ணீரில் விட்டது போல இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. "படகுத்துறைப் பக்கமே இழுக்கலாமே, கூரை இருக்கிறது, எடை பார்க்க வசதி" என்றேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி. நனையாத வேலை.

ஒரே இழுப்பில் கூடை கூடையாகக் கெண்டை. கொழுத்தவை. அங்கேயே உட்கார்ந்து ஏரிப் பரப்பால் பெருக்கினேன். ஏரி கொள்ளாத மீன் என்று விடை.

தனசேகரன்: "பாத்தீங்களா சார். இத்தன மீனையும் புடிக்காம உட்டா, அதுக்கே உள்ள நிக்க எடம் பத்தாதுங்க."

இரண்டு மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நன்றி என்று வந்தது.

9 ஜூலை, புதன்

மழை இல்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

என் மனைவி ரோஸ், பின்கட்டில் மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க. இது மீனா, பொரி மூட்டையா?"

குடல் முழுக்க வெள்ளைக் கூழ். நடுவே மக்காச்சோளத் தோல். பாசி இல்லை, புழு இல்லை. இரண்டாவது மீனிலும் அதே.

குனிந்து குச்சியால் கிளறினேன். ரோஸ், "பூனை வருது, நகருங்க" என்றாள்.

மதியம் படகுத்துறை. சுற்றுலா வருபவர்கள் மீனுக்குப் போடுவதற்கென்றே அங்கே அரிசிப்பொரியும் சோளப்பொரியும் விற்கிற பாத்திமா. எத்தனை நாள் அந்தக் கடையைக் கடந்து நடந்திருக்கிறேன்! "பொரி போட்டா எங்கிருந்தெல்லாம் மீன் வரும்மா?" என்று கேட்டேன்.

"ஏரியில இருக்கறது பூராவும் இங்கதானுங்க கெடக்குது. என்ற பொரியத் தின்னு தின்னு கன்னுக்குட்டியாட்டம் ஆயிருச்சு. அந்தப் பக்கம் போனீங்கன்னா தண்ணிதான் இருக்கும்."

ஆக, சாப்பாட்டுப் பந்தியில் ஆள் எண்ணிவிட்டு ஊர் முழுக்க அவ்வளவு நெருக்கம் என்று எழுதியிருக்கிறேன். முதலாண்டு மாணவன் செய்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். இடத்தைத் தேர்ந்ததும் நானே.

மீன் குழம்பு நன்றாக இருந்தது. அதுவும் வெட்கமாக இருந்தது.

10 ஜூலை, வியாழன்

செயலருக்குப் போன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். வேறு இடத்தில், ஓடை வந்து ஏரியில் சேருமிடத்தில், இன்னொரு இழுப்பு வேண்டும். கெண்டை முட்டை ஒட்டும் பாசி அங்கேதான்.

"திங்கக்கெழம கூட்டம் வெச்சுட்டங்க சார்."

"நாளைக்கே இழுக்கலாம்." என் குரலா அது?

மாலையில் தனசேகரன் வீட்டுக்கே வந்தார். காப்பி குடித்தார். "நீங்களே எடம் சொன்னீங்க, நீங்களே எடை போட்டீங்க, நீங்களே பெருக்குனீங்க. இப்ப நீங்களே தப்புங்கறீங்க. வயசாயிருச்சுங்களா சார்?" சிரித்தார்.

காலித் தம்ளரை எடுத்தேன். உள்ளேயிருந்து ரோஸ்தான் சொன்னாள்: "ஆமாங்க, வயசாயிருச்சு. அதான் ஒருக்கா சொன்னத ரெண்டாவது தடவ சரி பாக்கறாரு."

அவர் போன பிறகு சந்தேகம். ஒருவேளை பெரிதுபடுத்துகிறேனோ? இரண்டு மீன் குடலை வைத்து இத்தனையா? இருக்கலாம். அதற்குத்தான் இன்னொரு இழுப்பு.

11 ஜூலை, வெள்ளி

தூறல். பரிசலில் ஏறினேன். உட்கார்ந்தேன் என்பதை விட விழுந்தேன். மாதையன் துடுப்பைப் போட்டதும் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"விளிம்பப் புடிக்காதீங்க சார், நடுவுல குத்த வைங்க. நான் இருக்கேன்ல."

"தனசேகரன் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னாருங்க. பரிசல் என்னுது, அவருதில்ல."

ஓடை வாயில் பாசி அடர்த்தி. அதே வலை, அதே நேரம் இழுத்தோம். ஏறியவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எல்லாம் வயிறு உப்பிய பெட்டைக் கெண்டை. ஒன்றை மாதையன் தூக்கிய மாத்திரத்தில் முட்டை அவர் உள்ளங்கையில் வழிந்தது. பாசித் தண்டிலும் முட்டை ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அளந்தோம், எழுதினேன், எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டோம்.

கரையிலிருந்து தனசேகரன் கத்தினார்: "மழையில மீனு அடங்கிக் கெடக்கும் சார்! இந்த இழுப்பச் சேக்காதீங்க!"

துறையில் இழுத்த அன்றும் மழைதான். இதைப் பரிசலில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது.

மீதி ஏரியில் மீன் இல்லாமல், துறையில் பொரிக்குக் கூடுவதும் இங்கே முட்டையிட வருவதும்தான் இருப்பு என்றால், இந்த மாதங்களில் இங்கே சின்னக்கண் வலை விழுந்தால் அடுத்து வளர என்ன இருக்கும்?

வேட்டி முழங்கால் வரை சேறு. சளி பிடிக்கும்.

13 ஜூலை, ஞாயிறு

மாதா கோயில். சளி பிடித்துவிட்டது. பிரசங்கம் காதில் ஏறவில்லை. பாட்டு நேரத்தில் கையெழுத்து போட மாட்டேன், கையெழுத்து போட மாட்டேன் என்று மனத்துக்குள் பழகிக்கொண்டிருந்தேன். ராகத்தில் உட்கார்ந்தது.

14 ஜூலை, திங்கள்

வெயில் கொஞ்சம். கூட்டம் ஊராட்சி அலுவலகத்தில். அறிக்கை தயார். துறை இழுப்பு இருந்தது, என் பெருக்கலும் இருந்தது. ஓடை வாய் இழுப்பு இல்லை. தலைவர், செயலர் ஏற்கெனவே கையெழுத்து போட்டிருந்தார்கள்.

செயலர் பேனாவைத் திறந்தே நீட்டினார். "கடைசிப் பக்கத்துல சார். டீ ஆறுதுங்க."

"போட மாட்டேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. டீ வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துப் பையன் தம்ளரை எடுத்துக்கொண்டான். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை அதிகச் சத்தமாகிவிட்டது.

"பொரி போடும் இடத்தில் இழுத்ததை ஏரி முழுக்கப் பெருக்கியது என் தப்பு. என் தப்புக்கு நானே சாட்சிக் கையெழுத்து போட முடியாது. ஓடை வாயில் பிடித்ததைச் சேருங்கள். தடை இருக்கட்டும், வலைக்கண் இப்போதிருப்பதே இருக்கட்டும் என்று எழுதுங்கள். உடனே போடுகிறேன்."

அறிக்கையைச் செயலர் பக்கம் தள்ளினேன்.

தனசேகரன்: "நொம்ப நல்லதுங்க. இவரு போனாப் போறாரு. சேலத்துல இருந்து வேற நிபுணரக் கொண்டாந்து போட வெக்கறேன்."

"கூட்டிவாருங்கள். ஓடை வாய்க்கு நானே அவரைப் பரிசலில் அழைத்துப் போகிறேன்."

செயலர் பேனாவை மூடினார். கோப்பு மேசை மேலேயே கிடந்தது.

குடையை அங்கேயே விட்டுவிட்டேன். நாளை மாதையனிடம் பரிசல் சொல்லி வைக்க வேண்டும்.