அந்தப் பாறையில் அப்படி என்ன இருந்தது

அண்ணை,

உங்கள் கமராப் பையை இன்று எடுத்து உதறினேன். வீட்டில் வைத்திருக்க விருப்பமில்லை என்று உங்கள் மனைவி, அக்கா, என் வாசலில் வைத்துவிட்டுப் போன அதே பை. கோட்-டெ-நெய்ஜில் என் வீட்டுச் சமையலறை முழுக்க யூட்டா பாலைவனத்தின் சிவப்பு மணல். கூட்டி அள்ளும்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

லவால் மண்டபங்களில் கல்யாணமும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கும் படமெடுத்தே உங்களுக்கு வயது போனது. சிரிக்கச் சொல்லத் தேவையில்லாத ஒன்றை ஒருமுறையாவது எடுக்கவேண்டும் என்பீர்கள். நாள்காட்டியில் கண்ட அந்த யூட்டாப் பாறை வளைவின்மேல் அப்படியொரு பைத்தியம். இருதய ஒப்பரேசனுக்கு நாள் குறித்திருந்த நேரம் பார்த்துப் போவோம் என்றீர்கள். ஆஸ்பத்திரிக்காரரே நாளைத் தள்ளிவிட்டார்கள், டொக்டரும் போகலாம் என்றுவிட்டார் என்றீர்கள். நம்பி, விமானச் சீட்டிலிருந்து வாடகைக் கார் வரை எல்லாம் நானே ஒழுங்கு செய்தேன்.

விடியுமுன் டோர்ச் அடித்துக்கொண்டு ஏறினோம். நீங்கள் அடிக்கடி கல்லில் குந்தினீர்கள். ஏன் என்று கேட்டால், "வெளிச்சம் வரட்டும் எண்டு பாக்கிறன்" என்றீர்கள். அந்தக் கும்மிருட்டில் என்ன வெளிச்சம்? மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்? என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்தீர்கள்.

சூரியன் எழும்பியதும் வளைவின் அடிப்பக்கம் தணல் போலச் சிவந்தது. கமராவைத் தொடவே மறந்து நின்றீர்கள். பிறகு அவசர அவசரமாக ஃபிலிம் ரோலை முடித்தீர்கள்.

ஒப்பரேசனுக்குக் கொடுத்த புதிய நாள் வருமுன்னரே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நாளைத் தள்ளச் சொன்னதே நீங்கள்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. செத்தவீட்டில் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை நம்பித்தானே அவரை விட்டனான். அந்தக் கல்லிலை அப்பிடி என்ன கிடந்தது?"

என்னையும்தான் ஏமாற்றினார் என்று சொல்ல வாய் வரை வந்தது. பெட்டியில் கிடந்த உங்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"ஒண்டுமில்லை அக்கா, வெறும் கல்லு" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் பொய்க்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெறும் கல் இல்லை, அண்ணை. அப்படியோர் அழகை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. அந்தக் காலையைப் பற்றி இனி யாரோடு கதைப்பது? அங்கே நின்றது நாங்கள் இருவர்தான்.