ராஜி போட்ட தாளம்

14 ஜூலை 1996, ஞாயிறு. மந்தைவெளி.

ஐம்பத்திரண்டு வயதில் எதற்குக் கிட்டார் என்று இன்று எனக்கே தோன்றிவிட்டது. ஒரு கார்டுப் பிடியிலிருந்து அடுத்த பிடிக்குத் தந்திமேல் விரல் மாறுவதற்குள் பாட்டு செத்துவிடுகிறது. எரிச்சலில் கிட்டாரை உறைக்குள் போட்டேன்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ராஜி, "ஏன் நிறுத்திட்டேள்?" என்றாள். நான் வாசிக்க உட்கார்ந்தாலே வாசல் கதவைச் சாத்துகிறவள். என்னால் அவளுக்கு வெட்கம் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன்.

"விரல் போய்ச் சேரமாட்டேங்கறது."

"சேரலைன்னா விடுங்கோ. கச்சேரில பாடறவர் தடுமாறினா மிருதங்கம் நிக்கறதா? மெதுவா வாசிங்கோ, ஆனா நிக்காதேள்."

கத்தியை வைத்துவிட்டு, தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தாள். ரொம்ப மெதுவாக. வாசித்தேன். இரண்டு கார்டு தவறியது. அவள் கை நிற்கவில்லை. மூன்றாவதில் எப்படியோ போய்ச் சேர்ந்துகொண்டேன். முதல் முறையாகப் பாட்டு கடைசிவரை வந்தது.

விரல் நுனி இன்னும் எரிகிறது. மனசு மட்டும் நிறைந்து கிடக்கிறது. சாப்பிடும்போது கதவைப் பற்றிக் கேட்டேன். தப்புத்தப்பாக வாசிப்பது பக்கத்து வீட்டில் கேட்டால் நான் கூச்சப்பட்டு விட்டுவிடுவேன் என்றுதான் சாத்தினாளாம்.

நாளைக்குத் திறந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.