சுருட்டில் வர வேண்டாம்

1931 ஏப்ரல் 22, புதன்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். பிரிக்பீல்ட்ஸில் ஓர் இலை அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டால் விசிறிக்கொண்டன. வாத்தியாரம்மா நானும்தான்.

கேரி தீவிலிருந்து கடிதம். எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை எழுதியது. அங்கே தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிறன்று அண்ணன் வரலாமாம், பெண்ணும் வந்து இடத்தைப் பார்க்கட்டுமாம். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

கையெழுத்து முத்து முத்தாக. ஒரு வரி மட்டும் உறுத்தல்: "சுருட்டில் வர வேண்டாம். பாசாங்கில் வந்தால் நல்லது."

அண்ணன் மூன்று தரம் படித்தார். "சுருட்டோடன்னு எழுத வந்திருப்பான். புகை ஆகாதுபோல."

"அப்ப பாசாங்கு?"

"தோட்டத்துத் துரை பார்ப்பான்ல. பெரிய மனுசங்க மாதிரி பாசாங்கு பண்ணிட்டு வாங்கங்கறான்."

தீவில் ஆறு வருடம் இருந்தால் தமிழ் இப்படி ஆகிவிடுமா? எனக்கென்று வாய்த்ததைப் பார்.

ஏப்ரல் 25, சனி

மாலையில் மழை. நாளைக்கு எடுத்து வைத்தவை: அரக்குப் பட்டு. முறுக்கு. குடை. கொசுவுக்கு வேப்பெண்ணெய். அண்ணனுக்கு, செந்தூல் ரயில் பட்டறைச் சிநேகிதர் ஒருவரின் கோட்டு. கை நீளம் போதவில்லை.

சுருட்டுப் பெட்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆனாலும் என்னிடம் சொன்னார்: "பாத்துட்டு வந்து உன் வாயால சொல்லு சரசு. வேணாம்னா வேணாம்." அப்பா இருந்திருந்தால் என்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, இருபத்து நான்கு வயதாகியும்.

ஏப்ரல் 27, திங்கள்

பள்ளிக்கு லீவு. சேற்றில் இறங்கி நின்றதில் கணுக்கால் முழுக்கச் சிப்பிக் கீறல். நேற்று நடந்தது:

முதல் ரயில். கிள்ளான் தாண்டியதும் காற்றே வேறு, உதட்டில் உப்பு. போர்ட் சுவெட்டன்ஹாமில் கொப்பரை நாற்றம், செம்பருந்துகள், நாகப்பட்டினம் போகும் கப்பலுக்காக மூட்டைகளோடு குந்தியிருந்த தோட்டத்துச் சனம். "ரப்பர் வெல விழுந்துருச்சு தாயி, ஊருக்குப் போங்கன்னுட்டாக" என்றாள் ஒருத்தி. பாதி முறுக்கை அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

மலாய்ப் படகுக்காரர் கிளம்பத் தயங்கினார். தண்ணீரைக் காட்டி, "சுரூட், சுரூட்" என்றார். அண்ணன் கோட்டுப் பைகளை வெளியே இழுத்துக் காட்டி, "இல்லப்பா, கொண்டு வரல" என்றார். அவசரப்படுத்தி ஏற வைத்ததும் அண்ணன்தான்.

பாதி வழியில் கடல் எங்களைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டது. சம்பான் படகு சேற்றில். சுற்றிலும் ஈரச் சேறு, அதில் முழு வானமும். முழித்த கண்ணோடு சேற்றில் தத்தும் மீன்கள். தூரத்தில் கால் கால்களாக நிற்கும் சதுப்பு மரங்கள். ஓசையே இல்லை. பட்டுப் புடவையில், எங்குமில்லாத ஓர் இடத்தில், தலைமுடிக்குள் காற்று. அண்ணன் புலம்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் வராமலே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வெகு நேரம் கழித்துத் தீவுப் பக்கமிருந்து ஒருவர். முழங்காலுக்கு மேல் மடித்த கால்சட்டை, சேற்றில் ஒரு பலகையைத் தள்ளிக்கொண்டு. பலகை மேல் இளநீர். அவர்தான்.

"என்ன அண்ணே, சுருட்டில வர வேணாம்னு எழுதியிருந்தேனே!"

"அதெல்லாம் வீட்லயே வச்சிட்டுதான் வந்தேன் தம்பி!"

ஒரு கணம் முழித்தார். பிறகு பலகையிலேயே உட்கார்ந்து சிரித்தார். மலாயில் நீர் வடிவது சுரூட், ஏறுவது பாசாங்காம். "படகுக்காரங்ககூடப் பேசிப் பேசி அதைத் தமிழ்னே நெனச்சிட்டேன் அண்ணே." இரவல் கோட்டையும் என் பட்டையும் பார்த்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

தண்ணீருக்காகக் காத்திருந்தபோது நானே சொன்னேன்: "எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"இடத்தைப் பாத்து சரின்னு சொல்லிராதீங்க. கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும். காய்ச்சல் உண்டு. சில நாள் விடியக்காலையில சுமத்ராலேருந்து காத்து வந்து கூரையைத் தூக்கும். ரப்பர் படுத்துருச்சு, தென்னையாலதான் தோட்டம் ஓடுது. என்னை நாளைக்கே எங்க மாத்துவாங்களோ."

உப்புக் கிணறு. சுமத்ரா காற்று. எச்சரிக்கையாகத்தான் சொன்னார்; என் காதில் ஆசை காட்டுவதுபோல் விழுந்தது.

பிறகு சத்தமில்லாமல் நாலா பக்கமும் நீர் வந்தது. தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் படகைத் தூக்கியது. தீவில் அரை மணி நேரம்தான். பலகை வீடு, தென்னை, கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். அதே நீரில் திரும்பினோம்.

ஏப்ரல் 29, புதன்

வெயில். கரும்பலகையில் மலாயா படம் போடச் சொன்னால் கடற்கரையை மட்டும் போட்டுவிட்டு நின்றேன். "டீச்சர், மத்ததெல்லாம்?" என்றது ஒரு குட்டி.

அந்தத் தீவு வீட்டில் ஜன்னலோரம் மேசை போடலாம். வெளியே மிளகாய் காயப் போடலாம், காற்று அள்ளிப் போகும். பரவாயில்லை. சாயங்காலம் சேற்றில் வானம் பார்க்கலாம்.

அவர் முகம் சரியாக நினைவில்லை, ஜன்னல் நினைவிருக்கிறது. இது நல்லதில்லை. ஆனாலும் சனிக்கிழமை சரி என்று சொல்லிவிடப் போகிறேன்.

மே 2, சனி

மூட்டம். அண்ணனிடம் வாய் திறக்குமுன் தபால்காரர்.

"பகாங் மலைத் தோட்டத்துக்கு என்னை மாற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் போகிறேன். அங்கே கடல் கிடையாது. உங்கள் பதில் வருமுன் தெரிவித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன்."

கிணற்றடியில் போய் நின்றேன். மேசை, மிளகாய், ஜன்னல் எல்லாம் போயிற்று. அவர் மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு வாரம் பொறுத்து எழுதினால் என்ன? அதற்குள் என் சரி கிடைத்திருக்குமே. நானும் பின்வாங்கியிருக்க மாட்டேனே.

அப்போதுதான் உறைத்தது. அது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் எழுதியிருக்கிறார். முகமும் வந்தது: இடது புருவத்தில் காய்ந்த சேறு, அதோடு சிரித்த சிரிப்பு.

"வேணாம்னு எழுதிரவா?" என்றார் அண்ணன், தயங்கித் தயங்கி.

"சரின்னு எழுதுங்க."

சொல்லி முடிக்குமுன் அழுகை. ஆனந்தக் கண்ணீர் என்று அண்ணி சர்க்கரை ஊட்டினார். நான் மறுக்கவில்லை. அழுதது கடலுக்காக.