கிணறு கரித்த ஆவணி

பக்கத்து வளவில் கிணறு இறைக்கத் தண்ணீர் மெசின் கொண்டுவந்திருக்கிறார்கள். சுபஹுத் தொழுதுவிட்டு வந்து சரிந்து கிடந்த என்னை மண்ணெண்ணெய்ப் புகை எழுப்பிவிட்டது. சன்னலைச் சாத்தத்தான் எழுந்தேன். சாத்தாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன், மச்சான். நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஐந்து மாதமாகிறது.

நாம் தோட்டம் போட்டது சூறாவளிக்கு மறுவருடம். கடற்கரைப் பக்கம் தென்னை முழுவதும் விழுந்துபோன ஒரு வளவை, "சும்மா கிடக்கிற நிலம்தானே மனே, என்னத்தையாவது நடுங்க" என்று அதன் சொந்தக்காரர் நம்மிடம் விட்டார். பதினான்கு பேர் சேர்ந்தோம். ஒருவருக்கும் கூலி இல்லை. கத்தரியும் வெண்டியும் பயற்றங்காயும், வீடிழந்து கொட்டிலில் இருந்த குடும்பங்களுக்குப் போயின. வளவில் இருந்தது ஒரே கிணறு. சுற்றியிருந்த நாலு வீட்டுக்கும் குடிதண்ணீர் அதில்தான். மெசின் உன் பொறுப்பு.

ஆவணி பிறந்தும் கச்சான் காற்று நிற்கவில்லை. அனல் வீசி இலையெல்லாம் சுருண்டது. எரு ஏற்றிவர நீ இறக்காமம் ஊருக்கு வண்டிலில் புறப்பட்ட அன்று, மெசினை என்னிடம் தந்தாய்.

"ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓட்டாத மச்சான். நல்ல தண்ணிக்குக் கீழ உப்புத் தண்ணி இரிக்கி. கூட இழுத்தா மேல வந்திரும்."

"ஓம், ஓம். நீ போ" என்றேன்.

நடுப்பகல் லுஹர் ஆனதும் மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நான் மெசினைப் போட்டேன். என் கையால் நட்ட கத்தரிப் பாத்தி கடைசியில் இருந்தது. தண்ணீர் அங்கே போய்ச் சேருமுன் ஒரு மணித்தியாலம் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பின்னேரம் அசர்வரை ஓட்டினேன். எண்ணெய் தீர்ந்து அது தானாக நின்றது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். கலங்கல்தான் தெரிந்தது.

மறுநாள் நீ எருவோடு திரும்பினாய். தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் காலையில் முன்வீட்டு ராத்தா குடத்தோடு வந்து நின்றா. "என்ன மனே இது? தண்ணி வாயில வைக்க ஏலாமக் கரிக்கிது. புள்ளயளுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

அன்று அசருக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் கூடினோம். நாலு வீட்டு ஆண்களும் வந்திருந்தார்கள். "ஆருடா கூட ஓட்டின?" என்று வளவுக்காரர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான். ரெண்டு மூணு நாளாக் கூட ஓட்டிட்டன்" என்றாய்.

மாரி மழை பெய்து கிணறு தெளியும்வரை, சைக்கிளில் தகர டின் கட்டி, மேற்கே வயல் பக்கத்துக் கிணற்றிலிருந்து அந்த வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனாய். பின்னாலிருந்து தகரத்தைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்திருக்கிறேன். சொல்ல வாயெடுத்த நாட்களும் உண்டு. தோட்டம் காய்ந்து, ஆட்கள் கலைந்துபோனார்கள். உனக்கு 'உப்புக்காரன்' என்ற பட்டம் மிஞ்சியது.

அடுத்த போகத்தில், வயலுக்கு இறைக்கிற மெசினுக்கு ஆள் தேடினார்கள். உன்னை விட அந்த வேலை தெரிந்தவன் ஊரில் இல்லை. ஆனாலும் உப்புக்காரன் என்று உன்னை எடுக்கவில்லை. சவூதிக்குப் போனாய். உன் உம்மாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வரக்கூட உனக்கு லீவு கிடைக்கவில்லை. அவவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நீ மௌத்தாகிப் பத்து நாள் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருந்தா. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"எனக்குத் தெரியும் காக்கா" என்றா. "கலியாணம் முடிச்ச வருசமே சொன்னாரு. மெசின்ல எண்ணெய் முழுக்கத் தீந்து கிடந்தத, வந்த உடனேயே கண்டிரிக்காரு. 'ஒரு நாளைக்கி அவனாச் சொல்லுவான்' எண்டுதான் இருந்தாரு. நீங்க வந்துட்டுப் போற நேரமெல்லாம் நான் கேப்பன், காக்கா சொன்னாரா எண்டு. 'இல்ல' எண்டு சிரிப்பாரு."

சவூதியிலிருந்து நீ திரும்பிய பிறகு எத்தனை முறை உன் வீட்டுக்கு வந்திருப்பேன்! எத்தனை தேத்தண்ணி குடித்திருப்பேன்! வெள்ளாமை, பிள்ளைகளின் படிப்பு, ஊர் அரசியல் என்று எல்லாம் கதைத்திருக்கிறோம். அந்த வருகைகளைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். புறப்படும்போது நீ வாசல்வரை வருவாய். நான் செருப்பை மாட்டி முடிக்குமட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

"வேற என்ன மச்சான்?" என்பாய்.

"வேற ஒண்டுமில்ல" என்று சொல்லிவிட்டு நான் சைக்கிளை எடுப்பேன்.