ஞாயிற்றுக்கிழமை அச்சடித்த புத்தகம்

சிவகாசி
4.5.2006

அன்புள்ள அம்மாவுக்கு இன்னாசி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

போன ஞாயிறு எங்கள் அச்சகத்தில் ஒரு வேடிக்கை. மே தினப் பூசையில் கொடுப்பதற்காக, தொழிலாளர் நீதி பற்றிய சிறு புத்தகத்துக்கு இங்குள்ள மாதா கோயில் பங்குச்சாமி அவசர ஆர்டர் கொடுத்திருந்தார். அதனால் நான் பூசைக்குப் போகாமல் மிஷினில் நின்றேன். வந்து விழுந்த தாளில், 'ஞாயிறு ஓய்வு தொழிலாளியின் உரிமை' என்றிருந்தது. சிரித்துக்கொண்டே முதலாளி ஜாபர் பாயிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டுச் சாமிக்குப் போன் செய்தார்.

"சாமி, நீங்க எழுதுனதை நீங்களே மீறச் சொல்லுதீகளே?"

சாமி நேரில் வந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். புத்தகம் மெதுவாக வரட்டும் என்று எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வாசலில், என்னோடு வேலை செய்யும் இருளாண்டி அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னா? இன்னைக்கு ரெட்டைச் சம்பளம்லே. எம் மக பானுவுக்குக் கண்ணாடி வாங்க இருந்தேன். போர்டுல எழுதுறது தெரியலைன்னு பிள்ளை அழுவுது."

சாமி எழுதியது சரி. பாய் கேட்டதும் சரி. அண்ணன் கோபமும் நியாயம்தான். அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது அம்மா? கண்ணாடியை நான் வாங்கிக் கொடுத்தால் இன்னும் கோபப்படுவாரோ? அவர் என்னோடு பேசுவதில்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிடுகிறேன்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு தலையணை உறை கொடுத்துவிடுங்கள். இங்கேயும் கிடைக்கும். ஆனாலும் நீங்கள் தலைவைத்துப் படுப்பதையே அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மிஷினைப் போட்டுவிட்டார்கள், கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்
இன்னாசி