கிட்டார் கழுத்தில் குழாய் போட்ட கதை

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் நம் மோட்டார் ரிப்பேர் கடையும் சௌக்கியம். உன் பேஸ் கிட்டார் சௌக்கியமா என்பது நாலு மணிக்குப் பார்சல் வேன் வருவதற்குள் தெரிந்துவிடும், இப்போது மணி மூன்று. நீ நலமாக இருப்பாய், இருந்தாலும் உட்கார்ந்து படி.

நீ விட்டுப்போன பிறகு ஒரு வருஷம் தந்திகளைத் தளர்த்தாமல் இங்கே சுவரில் சாய்த்து வைத்ததில் கழுத்து முன்னால் வளைந்து, தந்திக்கும் கட்டைக்கும் நடுவே யானை ஒன்று பாகனோடு குனியாமல் போய்வருகிற இடைவெளி. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடு கம்பியின் நட்டைக் கால் சுற்று இறுக்கு, பிறகு பொறு என்று போனில் சொன்னாய். நாற்பது வருஷமாக நட்டுகளைக் கதறவைத்த சக்கரவர்த்திக்குக் கால் சுற்றா? முதல் கால் சுற்று நகர்ந்தது, அடுத்தது நகரவில்லை, உடனே கடைப் பழக்கத்தில் நட்டுச் சாவியின் முனையில் ஒரு முழக் குழாயைச் செருகி அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம், ஏழு கடலும் வற்றிப்போயின. மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த சித்தி, "என்னத்த உடைச்சீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படி வெளுத்துச்சு? அது பம்பு இல்லங்க, புள்ளையோட பொழப்பு" என்றாள். சனிக்கிழமை ரெக்கார்டிங்குக்கு உனக்கு வேறு கருவி இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன?

தந்திகளைத் தளர்த்தி நட்டைக் கழற்றினேன். கம்பியில் மரை முடிந்துபோய்தான் நட்டு நகராமல் நின்றிருக்கிறது, அதைப் போய் நான் மிரட்டியிருக்கிறேன். இரண்டு மெல்லிய வாஷர்களை அடியில் போட்டு, சித்தி கழுத்தைப் பின்பக்கம் அழுத்திப் பிடிக்க, குழாய் இல்லாமல் இறுக்கினேன். நிமிர்ந்தது. ஆனால் உள்ளே கம்பியில் கீறல் விழுந்திருந்தால் தந்தி இழுக்க இழுக்க மறுபடி வளையும், எனவே மத்தியானம் சுருதி சேர்த்துவிட்டுக் காவல் இருக்கிறேன். தந்தியைக் கழுத்தின் குறுக்குப் பட்டைகளில் முதலாவதிலும் கடைசியிலும் அமுக்கி நடுவில் நம் கடை விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிப் பார்க்கிறேன். இரண்டு மணிக்கு ஒரு கார்டு பிடித்தது, இரண்டரைக்குச் சற்று லூசாகத் தெரிந்தது. "கை நடுங்குது, அதான்" என்றாள் சித்தி.

மூன்றே முக்கால். ஒரு கார்டு நுழைகிறது, இரண்டாவது நுழையவில்லை. அனுப்புகிறேன். எதையும் எழுதாமல் அனுப்பச் சொன்னாள் சித்தி, என்னால் முடியவில்லை. நட்டின் வாய் என் குழாயால் ஒரு மூலை தேய்ந்திருக்கிறது, அதில் சாவி போடாதே, யாரையும் போடவிடாதே. கிட்டார் வந்து இறங்கியதும் இதே போல அளந்து பார். இரண்டு கார்டு நுழைந்தால் வெள்ளிக்கிழமைக்குள் இரவல் கேள், யார் உடைத்தார்கள் என்று கேட்டால் என் பெயரைச் சொல், உன் கவனக்குறைவு என்று ஒருவரும் நினைக்கக் கூடாது.

நீ வாசித்தால் பூமி அதிரட்டும், கழுத்து மட்டும் நேராக நிற்கட்டும். நல்லா இரு. அளந்தவுடன் போன் செய், ராத்திரியானாலும் செய்.

குழாயை மறைத்து வைத்திருக்கும்,
உன் சித்தப்பா